எஃகுக் கட்டுமானத்தில் தகடுகளின் இணைப்பு வகைகளை அடையாளம் காண்பது எப்படி?

ஒரு ரயில் பாலத்தின் கர்டரையோ (பாரம் தாங்கும் பெரிய உத்திரம்), தொழிற்கூடத்தின் கூரை டிரஸ்ஸையோ (முக்கோணங்களாக அமைந்த சட்டகம்), பெட்ரோலியக் கிடங்கில் நிற்கும் பெரிய தொட்டியையோ அருகில் சென்று பார்த்தால், அது பல தகடுகளை வெட்டிச் சேர்த்து உருவாக்கப்பட்டது என்பது தெரியும். உருட்டாலையிலிருந்து தகடு ஒரு வரம்புக்குட்பட்ட நீள அகலத்தில்தான் வருகிறது. அதை லாரியில் ஏற்றிச் செல்வதற்கும் வரம்பு உண்டு. ஆகவே எந்தப் பெரிய எஃகுக் கட்டமைப்பிலும் ஒரு தகடு முடிந்து இன்னொரு தகடு தொடங்கும் இடங்கள் ஏராளமாக இருக்கும். பழுது பெரும்பாலும் அந்த இடங்களில்தான் தொடங்குகிறது. எனவே, கட்டமைப்புப் பொறியியலைக் கற்கத் தொடங்கும் ஒருவர் கணக்குப் போடப் பழகுவதற்கு முன்பே, கண்ணெதிரே இருக்கும் இணைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லப் பழக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தொடக்கநிலை மாணவர்களிடம் ஓர் இணைப்பைக் காட்டி அதன் வகையைக் கேட்டால், ஒருவர் "ஃபில்லட்" என்பார், இன்னொருவர் "போல்ட் இணைப்பு" என்பார், மூன்றாமவர் "லேப்" என்பார். மூன்றும் சரியாக இருக்கலாம், ஏனெனில் எல்லோரும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தகடுகள் ஒன்றையொன்று சார்ந்து எப்படி நிற்கின்றன என்பது முதல் கேள்வி. அவற்றை எது பிணைத்திருக்கிறது, ரிவெட்டா, போல்ட்டா, வெல்டா என்பது இரண்டாவது. ஒரு தகட்டிலிருந்து மற்றதற்கு விசை எந்த வழியாகப் போகிறது என்பது மூன்றாவது. இந்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போனால் எவ்வளவு சிக்கலான இணைப்பும் பிடிபடும். வரிசை மாறினால் எளிய இணைப்பும் குழப்பும்.

முதல் கேள்விக்கு ஐந்து விடைகள் உண்டு. இரு தகடுகள் ஒரே தளத்தில், விளிம்போடு விளிம்பு முட்டி நின்றால் அது பட் இணைப்பு. ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் ஏறிப் படிந்திருந்தால் லேப் இணைப்பு. ஒரு தகட்டின் விளிம்பு மற்றொரு தகட்டின் முகப்பில் ஏறத்தாழச் செங்குத்தாக ஊன்றி, அந்த முகப்பு இரு பக்கமும் தொடர்ந்து நீண்டால் டீ இணைப்பு. அதே போல் ஊன்றி, ஆனால் முகப்புத் தகடு அந்த இடத்திலேயே முடிந்து மூலை உண்டானால் கார்னர் இணைப்பு. இரண்டு தகடுகள் முகத்தோடு முகம் ஒட்டி, விளிம்புகள் ஒரே மட்டத்தில் வந்து, அந்த விளிம்புகளின் மேல் மட்டும் வெல்டு ஓடினால் எட்ஜ் இணைப்பு. கடைசி வகை மெல்லிய தகட்டு வேலைகளில் காணப்படுவது. பாரம் தாங்கும் உறுப்புகளில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. டீ இணைப்பில் முகப்புத் தகட்டின் மறுபுறமும் இன்னொரு தகடு அதே கோட்டில் ஊன்றியிருந்தால் சிலுவை வடிவம் கிடைக்கும்; அதைத் தனி வகையாகக் கருதாமல், இரண்டு டீ இணைப்புகள் முதுகோடு முதுகு நிற்பதாகக் கொள்வது புரிதலுக்கு உதவும்.

லேப் இணைப்பைக் கண்டுபிடிப்பது மிக எளிது. படிக்கட்டு போன்ற ஒரு விளிம்பு கண்ணுக்குத் தெரியும். கையால் தடவினாலும் ஒரு தகட்டின் கனம் விரலில் தட்டுப்படும். செய்வதற்கும் இதுவே எளிது, ஏனெனில் தகடுகளைத் துல்லியமாக வெட்ட வேண்டிய தேவை குறைவு. சில மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் மேலேறிய பகுதி அதை விழுங்கிவிடும். ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. 10 மி.மீ. கனமுள்ள இரு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படிந்திருக்கும்போது, அவற்றின் நடுக்கோடுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றது 10 மி.மீ. விலகியிருக்கிறது. இந்த இணைப்பை 50 கிலோநியூட்டன் விசையால் இழுத்தால், இழுவையோடு கூட 0.5 கிலோநியூட்டன் மீட்டர் அளவுள்ள ஒரு வளைக்கும் திருப்புத்திறனும் பிறந்து, தகடுகளை வளைத்து அந்த இரு நடுக்கோடுகளையும் நேராக்க முயலும். அந்தத் திருப்புத்திறனை இரு தகடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வதாகக் கொண்டு கணக்கிட்டால், தகடுகள் சற்றும் வளைவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஏற்படும் வளைவுத் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை), நேரடி இழுவைத் தகைவின் மூன்று மடங்காக வருகிறது. தகடுகள் வளைந்து கொடுக்கக் கொடுக்க இந்த எண் குறையும் என்பது உண்மையே. ஆயினும், லேப் இணைப்பைப் பார்த்தவுடன் "இங்கே விசை நேராகப் போகவில்லை" என்று மனம் சொல்ல வேண்டும்.

இதனால்தான் லேப் இணைப்பில் வெல்டு செய்யும்போது படியும் அகலத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 800:2007, மெல்லிய தகட்டின் கனத்தைப் போல் நான்கு மடங்கு அல்லது 40 மி.மீ., இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்காவது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்கிறது. 8 மி.மீ. தகடாக இருந்தால் நான்கு மடங்கு 32 மி.மீ.தான், ஆனாலும் 40 மி.மீ. படிய வேண்டும். வேலைத்தளத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தாலே இதைச் சரிபார்க்கலாம்.

பட் இணைப்பில் விசை நேராகப் போகிறது. தகடும் தகடும் ஒரே தளத்தில் இருப்பதால் நடுக்கோடு விலகுவதில்லை. ஆனால் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கும் இரு தகடுகளை எதைக் கொண்டு பிணைப்பது? வெல்டிங் பரவுவதற்கு முன் இதற்கு ஒரே வழி, முட்டும் இடத்தின் மேல் மூன்றாவது ஒரு தகட்டை வைத்து, அதன் வழியாக இரு தகடுகளையும் ரிவெட் அடித்துச் சேர்ப்பது. இதற்குக் கவர் பிளேட் என்று பெயர். ஒரு பக்கம் மட்டும் கவர் பிளேட் இருந்தால் ஒற்றைக் கவர் பட் இணைப்பு; இரு பக்கமும் இருந்தால் இரட்டைக் கவர் பட் இணைப்பு. ஒற்றைக் கவர் இணைப்பைச் சற்று யோசித்துப் பார்த்தால், அது உண்மையில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு லேப் இணைப்புகளே என்பது விளங்கும்: முதல் தகட்டிலிருந்து விசை கவர் பிளேட்டுக்கு ஏறி, அங்கிருந்து இரண்டாம் தகட்டுக்கு இறங்குகிறது. ஆகவே லேப் இணைப்பின் வளைவுக் குறை இதிலும் அப்படியே இருக்கிறது. இரட்டைக் கவரில் விசை பாதிப் பாதியாகப் பிரிந்து மேலும் கீழும் சமமாகப் போவதால் வளைவு ஏற்படுவதில்லை.

இரட்டைக் கவரால் இன்னொரு நன்மையும் உண்டு. லேப் இணைப்பில் ஒரு போல்ட்டின் தண்டு, இரு தகடுகளும் உரசும் ஒரே தளத்தில் வெட்டுவிசையை, அதாவது தண்டைக் குறுக்காக அறுக்க முயலும் விசையை, ஏற்கிறது. இரட்டைக் கவர் இணைப்பில் அதே போல்ட் இரண்டு தளங்களில் வெட்டுவிசையை எதிர்க்கிறது. 4.6 கிரேடு (வலிமைத் தரம்) எம்20 போல்ட் ஒன்றை, அதாவது 20 மி.மீ. விட்டமுள்ளதை, எடுத்துக்கொள்வோம். மரை உள்ள இடத்தில் அதன் பயன்படு பரப்பு 245 சதுர மி.மீ.; உச்ச வலிமை 400 மெகாபாஸ்கல். ஐ.எஸ். 800 முறைப்படி 400ஐ 3இன் வர்க்கமூலத்தால் வகுத்து, பரப்பால் பெருக்கி, 1.25 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுத்தால் ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 45 கிலோநியூட்டன் கிடைக்கும். இரு தளங்களிலும் மரைப் பகுதியே இருந்தாலும் 90 கிலோநியூட்டன் வரும். போல்ட் அதேதான், துளை அதேதான். தகடுகள் அமைந்த விதம் மட்டும் மாறியதில் போல்ட்டின் வெட்டுத் திறன் இரட்டிப்பாகிவிட்டது. இணைப்பு வகையைத் தவறாக இனம் கண்டவர் எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் விடை பாதியாகவோ இரு மடங்காகவோ போய்விடும்.

ஓர் இணைப்பில் எத்தனை வெட்டுத் தளங்கள் என்பதை எண்ண எளிய வழி, போல்ட்டின் தலையில் தொடங்கி நட்டு வரை தண்டு கடந்து செல்லும் தகடுகளை வரிசையாக எண்ணி, ஒவ்வொன்றையும் விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று குறிப்பதுதான். பக்கம் மாறும் ஒவ்வோர் இடமும் ஒரு வெட்டுத் தளம். கூரை டிரஸ்ஸில் ஓர் ஆங்கிள் (எல் வடிவ எஃகு உறுப்பு) மட்டும் கசெட் பிளேட்டின் (உறுப்புகள் கூடும் முனையில் அவற்றைச் சேர்க்கும் தகடு) ஒரு பக்கத்தில் போல்ட் செய்யப்பட்டிருந்தால் ஒரு தளம். கசெட் பிளேட்டின் இருபுறமும் ஒவ்வோர் ஆங்கிள் இருந்து ஒரே போல்ட் மூன்றையும் துளைத்துச் சென்றால் இரண்டு தளங்கள். கனம் ஈடுகட்டுவதற்காக இடையில் செருகிய பேக்கிங் தகடு விசையை ஏற்காது, அதனால் அதைத் தளக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் 6 மி.மீ.க்கு மேல் கனமான பேக்கிங் இருந்தால் போல்ட் வளையத் தொடங்குவதால் அதன் வெட்டுத் திறனைக் குறைத்தே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ரிவெட்டையும் போல்ட்டையும் பிரித்தறிவது கடினமல்ல. ரிவெட்டின் இரு முனையிலும் அரைக்கோளம் போன்ற தலைகள் இருக்கும், ஏனெனில் அதைப் பழுக்கக் காய்ச்சித் துளையில் இட்டு, நீண்டிருக்கும் முனையை அடித்து இரண்டாவது தலையை உருவாக்குவார்கள். ஆறும்போது தண்டு சுருங்கித் தகடுகளை இறுகப் பிடிக்கும். போல்ட்டில் ஒரு பக்கம் அறுகோணத் தலையும் மறுபக்கம் நட்டும், அதைத் தாண்டி எட்டிப் பார்க்கும் மரையும் தெரியும். தலையின் மேல் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருந்தால் அது உயர்வலிமைப் போல்ட். எனினும் அந்த எண் ஒன்றை மட்டும் வைத்து, இணைப்பு தகடுகளின் உராய்வால் நிற்கிறதா, தண்டு துளையின் சுவரில் முட்டி நிற்கிறதா என்று முடிவு செய்ய முடியாது. உராய்வு வகையில் நட்டை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கித் தண்டில் முன்னிழுவை உண்டாக்கியிருப்பார்கள். தகடுகள் தொடும் முகத்துக்குப் பெயிண்ட் அடிப்பதிலும் கட்டுப்பாடு இருக்கும். இதை வரைபடக் குறிப்பில்தான் உறுதி செய்ய வேண்டும்.

ரிவெட்டுக்கு இரண்டு பெரிய சான்றுகள் உலகறிந்தவை. 1889இல் திறக்கப்பட்ட பாரிஸின் ஐஃபில் கோபுரத்தில் ஏறத்தாழ 25 லட்சம் ரிவெட்டுகள் உள்ளன. கொல்கத்தாவின் ஹவுரா பாலம் 1943இல் ரிவெட்டுகளால் இணைக்கப்பட்டே திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இரு தலைமுறைகளையும் ஒப்பிட ஏற்ற எடுத்துக்காட்டு பாம்பன். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் எஃகு வேலையில் ரிவெட் தலைகள் வரிசை வரிசையாக நின்றன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் செங்குத்தாக உயரும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி உள்ளிட்ட எஃகு வேலையில் வெல்டு இணைப்புகள் முதன்மை பெற்றன. உப்புக் காற்றில் இதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஒன்றின்மேல் ஒன்று படிந்த தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடுக்கில் ஈரம் புகுந்தால் வெளியேறாது. அங்கே உருவாகும் துரு எஃகைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், ரிவெட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் தகடு அலை அலையாகப் புடைக்கத் தொடங்கும். பழைய பாலங்களில் இந்தப் புடைப்பைக் கண்டால், அங்கே தகடுகள் படிந்த இணைப்பு இருக்கிறது என்பதற்கும், அதற்குள் நீர் புகுந்துவிட்டது என்பதற்கும் அது ஒருசேரச் சான்று.

ரிவெட்டோ போல்ட்டோ, அவை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தையும் பெயரிட்டுச் சொல்லப் பழக வேண்டும். வரிசைகளில் ஒன்றுக்கு நேர் எதிரே ஒன்று இருந்தால் சங்கிலி அமைப்பு. ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் துளை வந்தால் ஜிக்ஜாக் அமைப்பு. இது அழகுக்காகச் செய்வதன்று. 100 மி.மீ. அகலமுள்ள தகட்டில் எம்20 போல்ட்டுக்காக 22 மி.மீ. துளை ஒன்று போட்டால், அந்தக் குறுக்குக் கோட்டில் 78 மி.மீ. எஃகு எஞ்சும். ஒரே கோட்டில் இரண்டு துளைகள் வந்தால் 56 மி.மீ.தான் எஞ்சும். துளைகளை முன்பின்னாக நகர்த்தி ஜிக்ஜாக்காக அமைத்தால், இரு துளைகளையும் இணைத்துக் கிழிய வேண்டுமானால் தகடு சாய்வான, நீளமான பாதையில் கிழிய வேண்டியிருப்பதால் வலிமைக் குறைவு சற்று மட்டுப்படும். விசையின் திசையில் அடுத்தடுத்த இரு போல்ட்களின் மையங்களுக்கு இடையிலான தூரமே பிட்ச். அது போல்ட்டின் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும். எம்20க்கு அது 50 மி.மீ. ஆகும். துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புவரை உள்ள தூரமும் முக்கியம். கையால் எரிவாயு வைத்து வெட்டிய கரடுமுரடான விளிம்பானால் துளை விட்டத்தின் 1.7 மடங்கு, இயந்திரத்தால் சீராக வெட்டிய விளிம்பானால் 1.5 மடங்கு குறைந்தபட்சம் வேண்டும். இந்தத் தூரம் போதாத இடத்தில் போல்ட் அறுவதற்கு முன்பே தகட்டின் ஓரம் கிழிந்து வெளியே வந்துவிடும்.

வெல்டு இணைப்புகளுக்கு வரும்போதுதான் தொடக்கத்தில் சொன்ன குழப்பம் முற்றுகிறது. ஃபில்லட், குரூவ் என்பன வெல்டின் வகைகள். லேப், பட், டீ என்பன தகடுகளின் நிலைகள். ஃபில்லட் வெல்டு என்பது இரண்டு முகப்புகள் சந்திக்கும் உள்மூலையை நிரப்பும் முக்கோணம். லேப் இணைப்பின் படிக்கட்டு மூலையிலும் அது வரும், டீ இணைப்பின் இரு பக்க மூலைகளிலும் வரும், கார்னர் இணைப்பின் உள்ளேயும் வரும். குரூவ் வெல்டு என்பது தகட்டின் விளிம்பைச் சீவி உண்டாக்கிய பள்ளத்தை நிரப்பி, தகட்டின் கனத்துக்குள்ளேயே உலோகத்தைச் சேர்ப்பது. பட் இணைப்பில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஆனால் டீ இணைப்பிலும் ஊன்றும் தகட்டின் விளிம்பைச் சாய்வாகச் சீவிக் குரூவ் வெல்டு போடலாம்.

ஃபில்லட் வெல்டை அளக்கக் கால் நீளத்தை, அதாவது முக்கோணம் தகட்டோடு ஒட்டும் பக்கத்தின் நீளத்தைப் பார்க்கிறோம்; பாரத்தைத் தாங்குவதோ அந்த முக்கோணத்தின் குறுகிய நடுப்பகுதியான தொண்டை. தகடுகள் செங்குத்தாக இருந்தால் தொண்டையின் கனம் காலின் 0.7 மடங்கு. 6 மி.மீ. ஃபில்லட்டில் தொண்டை 4.2 மி.மீ. ஆகும். உச்ச வலிமை 410 மெகாபாஸ்கல் உள்ள சாதாரண எஃகில் பட்டறையில் போட்ட அத்தகைய வெல்டு, ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 795 நியூட்டன் தாங்கும், 100 மி.மீ. நீளத்துக்கு 79 கிலோநியூட்டனுக்கும் சற்று அதிகம். லேப் இணைப்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 8 மி.மீ. தகட்டின் விளிம்பில் 8 மி.மீ. ஃபில்லட் போட முயன்றால், தகட்டின் மேல்மூலை உருகிப் போய்விடும். வெல்டு முழு அளவில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும், உள்ளே தொண்டை குறைந்திருக்கும். எனவே சதுர விளிம்பில் ஃபில்லட்டின் அளவு தகட்டின் கனத்தைவிட 1.5 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல லேப் வெல்டில் தகட்டின் மேல்விளிம்பு ஒரு மெல்லிய நேர்கோடாக உருகாமல் தெரிவதைப் பார்க்கலாம். பரிசோதகர்கள் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான்.

பட் இணைப்பின் குரூவ் வெல்டு எந்த வடிவத்தைச் சேர்ந்தது என்பதை இரு முகங்களையும் பார்த்து ஊகிக்கலாம். ஒரு பக்கம் அகலமான வெல்டும் மறுபக்கம் ஒடுங்கிய கோடும் இருந்தால் அது ஒற்றை வி, அதாவது ஒரு பக்கம் மட்டும் சீவிய வி (V) வடிவப் பள்ளம். இரு பக்கமும் ஒரே அகலம் இருந்தால் இரட்டை வியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கனம் கூடிய தகடுகளில் இரட்டை வியை விரும்புவதற்குக் காரணம் எளிய வடிவியலில் இருக்கிறது: அதே கோணத்தில், ஒரே பக்கமிருந்து முழுக் கனத்துக்கும் வி சீவுவதைவிட, இரு பக்கமிருந்து பாதிப் பாதியாகச் சீவினால் நிரப்ப வேண்டிய பரப்பு பாதியாகிவிடும். வெல்டு ஆறும்போது ஏற்படும் சுருக்கமும் இரு பக்கமும் சமன்படுவதால் தகடு ஒரு பக்கமாக மடங்காது. சில இடங்களில் பின்பக்கம் ஒரு குறுகிய பட்டைத் தகடு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தவுடன் கவர் பிளேட் என்று முடிவு செய்துவிடக் கூடாது. கவர் பிளேட் விசையைத் தூக்கிச் செல்வது. பின்பட்டையோ உருகிய உலோகம் கீழே ஒழுகாமல் ஏந்துவதற்காக மட்டும் வைக்கப்பட்டது. அகலத்தைப் பார்த்தே வேறுபாட்டைச் சொல்லலாம்: கவர் பிளேட்டில் போல்ட்டோ அதன் சொந்த ஃபில்லட் வெல்டோ இருக்கும் அளவுக்கு அகலம் இருக்கும், பின்பட்டை வெல்டின் இருபுறமும் கொஞ்சமாகவே நீண்டிருக்கும்.

டீ இணைப்பில் கண் ஏமாறும். இருபுறமும் ஃபில்லட் மட்டும் போட்ட டீயும், விளிம்பைச் சீவி முழு ஊடுருவலோடு (தகட்டின் கனம் முழுவதும் உருகிச் சேரும்படி) வெல்டு செய்து மேலே ஃபில்லட்டால் முடித்த டீயும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முதல் வகையில் ஊன்றும் தகட்டின் அடிக்கும் முகப்புத் தகட்டுக்கும் இடையே உருகாத ஓர் இடைவெளி உள்ளே இருக்கும். இரண்டாம் வகையில் இருக்காது. கர்டரின் நடுத்தகட்டை மேல் கீழ்ப் பட்டைகளோடு சேர்க்கும் டீயில் விசை நீளவாக்கில் ஓடுவதால் முதல் வகையே பெரும்பாலும் போதும். உத்திரத்தின் பட்டை தூணின் பட்டையில் ஊன்றி, அதை நேராக இழுக்கும் இடத்தில் முழு ஊடுருவலைக் கேட்பார்கள். 1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின், பல எஃகுக் கட்டடங்களில் சரியாக இந்த இடத்தில், குறிப்பாக உத்திரத்தின் கீழ்ப்பட்டை தூணோடு சேரும் வெல்டில், நொறுங்கு வகை விரிசல்கள் காணப்பட்டன. அங்கே அகற்றாமல் விட்ட பின்பட்டை, உலோகத்தில் ஒரு கீறல் போல் செயல்பட்டு விரிசலுக்கு வழி வகுத்தது காரணங்களில் ஒன்று. விரிசல் பரவுவதைத் தடுக்கும் திறன் வெல்டு உலோகத்தில் குறைவாக இருந்தது மற்றொன்று. விசையைத் தாங்காத சிறு பட்டை என்று சற்றுமுன் சொன்ன அதே துண்டு, இணைப்பு எந்த வகை, விசை எந்தத் திசை என்பதைப் பொறுத்து ஆபத்தாகிவிடுகிறது.

டீயிலும் சிலுவையிலும் முகப்புத் தகடு அதன் கனத்தின் திசையில் இழுக்கப்படுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. உருட்டாலையில் தட்டையாக நசுங்கிய எஃகுக்குள் மிக மெல்லிய மாசுப் படலங்கள் தகட்டுக்கு இணையாகப் பரவியிருக்கலாம். நீளவாக்கில் இழுத்தால் அவை தொல்லை தருவதில்லை. கனத்தின் திசையில் இழுத்தால் ஒரு புத்தகத்தின் தாள்கள் பிரிவதைப் போல் தகடு உள்ளுக்குள் படிப்படியாகப் பிரியக்கூடும். இந்தக் கிழிசல் வெல்டில் இருக்காது, வெல்டுக்குச் சற்றுக் கீழே தாய்த்தகட்டில் இருக்கும். கனமான தகடுகளால் டீ அல்லது சிலுவை இணைப்பு அமைக்கும்போது கனத்தின் திசையிலும் சோதித்த எஃகை வரவழைப்பது இதற்காகவே.

மூன்றாவது கேள்வியான விசையின் பாதைக்குச் சிறந்த பாடம் கசெட் பிளேட். டிரஸ் பாலத்தில் நான்கைந்து உறுப்புகள் ஒரு முனையில் கூடும். அவை அனைத்தும் ஒரு கசெட் தகட்டின்மேல் லேப் இணைப்பாகப் படிந்து ரிவெட்டாலோ போல்ட்டாலோ பிணைக்கப்படும். பார்ப்பவரின் கவனம் போல்ட்களின்மேல் போகும். ஆனால் ஒவ்வோர் உறுப்பும் கொண்டுவரும் விசை முழுவதையும் சமன்படுத்துவது அந்தத் தகடே. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் நின்ற ஐ-35 டபிள்யூ பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று சரிந்து 13 பேர் இறந்தனர். விசாரணையில், முக்கிய முனை ஒன்றின் கசெட் தகடுகள் தேவையான கனத்தில் ஏறத்தாழப் பாதியாக, அதாவது அரை அங்குலமாக மட்டுமே வடிவமைக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. அந்த நாளில் பராமரிப்பு வேலைக்காகப் பாலத்தின்மேல் குவித்திருந்த பொருள்களின் எடையும் சேர்ந்தது. ஒரு முனையைப் பார்த்து "லேப், போல்ட், இரண்டு தளம்" என்று சொல்லி நிறுத்திவிடாமல், தகட்டுக்குள்ளும் விசை எங்கே போகிறது என்று தொடர வேண்டியதன் தேவையை இதைவிட வலுவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

பழகிப் பார்க்க ஒரு பெட்ரோலியச் சேமிப்புத் தொட்டி மிக நல்ல எடுத்துக்காட்டு. அதன் அடித்தளத் தகடுகள் பொதுவாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மேல்பக்கம் மட்டும் ஃபில்லட் வெல்டு பெற்ற லேப் இணைப்புகள், ஏனெனில் கீழே மணல் படுக்கை இருப்பதால் அங்கிருந்து வெல்டு செய்ய வழியில்லை, தகடும் தரையின் மேல் படுத்திருப்பதால் வளைவும் பெரிதல்ல. சுவர்த் தகடுகளின் செங்குத்து இணைப்புகள் பட் இணைப்புகள். உள்ளிருக்கும் திரவம் சுவரைச் சுற்றுவட்டமாக இழுக்கும்போது விசை அந்த வெல்டின் குறுக்கே நேராகப் பாய்கிறது, ஆகவே அங்கே லேப் பொருந்தாது. சுவர் அடித்தகட்டில் ஊன்றும் இடத்தில் இருபுறமும் ஃபில்லட்; அடித்தகடு சுவரைத் தாண்டி வெளியே சற்று நீண்டிருப்பதால் அது டீ.

கடைசியாக வரைபடம். வெல்டு குறியீட்டில் ஓர் அம்பும் ஒரு கிடைக்கோடும் இருக்கும். கோட்டை ஒட்டி முக்கோணம் இருந்தால் ஃபில்லட். வி வடிவம் இருந்தால் ஒற்றை வி குரூவ். அமெரிக்க முறையில் குறியீடு கோட்டுக்குக் கீழே இருந்தால் அம்பு சுட்டும் பக்கத்துக்கும், மேலே இருந்தால் மறுபக்கத்துக்கும் உரியது. ஐரோப்பிய வழக்கில் தொடர்கோட்டோடு விட்டுவிட்டுச் செல்லும் ஒரு கோடும் வரைந்து, அந்த விட்டுவிட்டுச் செல்லும் கோட்டின் பக்கம் உள்ள குறியீட்டை மறுபக்கத்துக்குரியதாகக் கொள்வது பரவலாக உண்டு. அளவிலும் கவனம் வேண்டும்: ஃபில்லட்டுக்கு முன் ஏ5 என்றிருந்தால் 5 மி.மீ. என்பது தொண்டையின் கனம், அதற்குக் கால் ஏறத்தாழ 7 மி.மீ. இருக்க வேண்டும், இசட்5 என்றிருந்தால் 5 மி.மீ. என்பதே கால். இரண்டையும் மாற்றிப் படித்து ஏ5க்குப் பதில் 5 மி.மீ. காலில் போட்டால் வெல்டின் வலிமையில் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துபோகும். அம்பும் கோடும் சேரும் முனையில் சிறு வட்டம் இருந்தால் சுற்றிலும் வெல்டு செய்ய வேண்டும். அங்கே ஒரு சிறு கொடி இருந்தால் அந்த வெல்டு பட்டறையில் அல்லாமல் கட்டுமானத் தளத்தில் போடப்பட வேண்டியது. காற்றிலும் உயரத்திலும் நின்று போடும் வெல்டு பட்டறையில் போடும் வெல்டின் தரத்தை எட்டுவது கடினம் என்பதால், ஐ.எஸ். 800 அதற்குப் பாதுகாப்புக் காரணியை 1.25இலிருந்து 1.5ஆக உயர்த்துகிறது, அதனால் முன்பு கணக்கிட்ட 6 மி.மீ. ஃபில்லட், தளத்தில் போடப்பட்டால் மில்லிமீட்டருக்கு 795க்குப் பதிலாக ஏறத்தாழ 663 நியூட்டன் என்றே கொள்ளப்பட வேண்டும்.